பெரிய கோயிலில் முன்னோரைத் தேடி

சென்ற ஆண்டு மகாளய பட்சத்தில், தர்ப்பணம் முடிந்து தர்ப்பையைப் பிரித்துப் போடும் வேளையில், எங்கள் சாஸ்திரிகள் ஒரு கேள்வி கேட்டார். "காருண்ய பித்ருக்கள் வரிசையில் யார் யாரைச் சொல்ல வேண்டும் என்று அடுத்த வருஷத்துக்குள் எழுதிக் கொண்டு வந்து கொடுத்துவிடுங்களேன். ஒவ்வொரு முறையும் யோசித்துச் சொல்கிறீர்கள்" என்றார். நியாயமான கேள்விதான். முப்பத்தாறு ஆண்டுகள் வங்கியில் பிறருடைய கணக்கையெல்லாம் எழுதியவனிடம் சொந்தக் குடும்பத்தின் பேரேடு இல்லை.

அன்றே ஒரு நீளமான நோட்டுப் புத்தகம் வாங்கினேன். தந்தை வழி மூன்று தலைமுறை, தாய் வழி மூன்று தலைமுறை, பிறகு பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, சந்ததியின்றிப் போனவர்கள் என்று பக்கம் பக்கமாகப் பிரித்து எழுதத் தொடங்கினேன். கோயில் நந்தவனத்துக்கு நிலம் விட்ட ஒருவர், திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்திய ஒருவர், சீட்டு நடத்தி நொடித்துப்போய் இரவோடு இரவாக ரங்கூனுக்குக் கப்பல் ஏறிய ஒருவர் என்று பலரும் வந்து சேர்ந்தார்கள். ஒரு வரி மட்டும் நிரம்பவில்லை. எங்கள் தாத்தாவுக்கு மூத்த தாரம் ஒருத்தி இருந்தாள். முதல் பிரசவத்திலேயே தாயும் சிசுவும் போய்விட்டார்கள். பிறகு வந்தவள்தான் எங்கள் பாட்டி. இவ்வளவுதான் தெரியும். பெயர் தெரியாது. வங்கியில் எந்தத் தலைப்பிலும் சேராத தொகையைச் சஸ்பென்ஸ் கணக்கில் வைப்போம். ஆண்டு முடிவதற்குள் அதைத் தீர்த்தாக வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பெண் எங்கள் வீட்டுச் சஸ்பென்ஸ் கணக்கிலேயே இருக்கிறாள்.

இதற்காகவே இவ்வாண்டு மகாளய அமாவாசைக்கு ஐந்து நாள் முன்னதாகத் தஞ்சாவூருக்குப் புறப்பட்டேன். பெரியப்பாவின் மூத்த மகன், எண்பத்திரண்டு வயதான எங்கள் அண்ணா, அங்கேதான் இருக்கிறார். குடும்பத்தில் இப்போது அவரே மூத்தவர்.

அண்ணாவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. யார் வந்தாலும் முதலில் பெரிய கோயில், பிறகுதான் மற்றவை. மறுநாள் காலை ஆறரை மணிக்கே கேரளாந்தகன் வாயிலைத் தாண்டிவிட்டோம். வெயில் ஏறாத அந்த வேளையில் விமானத்தின் நிழல் மேற்கே சாய்ந்து கிடந்தது. பெருவுடையாரையும் பெரியநாயகி அம்மையையும் தரிசித்து, வாராகி சந்நிதியில் வரிசை நீளுவதற்கு முன் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றத் தொடங்கினோம். இந்தக் கோயிலுக்கு நான் எத்தனையோ முறை வந்திருக்கிறேன். அண்ணாந்து பார்த்ததுதான் அதிகம். கண்ணுக்கு நேரே இருக்கும் கல்லை நின்று பார்த்ததில்லை.

இந்தக் கோயிலைக் கட்டியவர் முதலாம் இராஜராஜர் என்பதை இன்று பள்ளிக் குழந்தையும் சொல்லும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஊருக்கே இது தெரியாது. தல புராணம் கரிகாலன் என்றது. அப்படியே சொல்லி வந்தார்கள். ஹூல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் கல்வெட்டுகளைப் படித்த பிறகே, 1886இல், கட்டியவர் யார் என்பது மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. தமது 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், அதாவது 1010இல், விமானத்தின் உச்சியில் வைப்பதற்குச் செப்புக் குடத்தை மன்னர் அளித்தார் என்று கல்வெட்டு சொல்கிறது. இவ்வளவு பெரிய கோயிலை எழுப்பியவரின் பெயரே வாய்மொழியில் நிற்கவில்லை என்றால், ஒரு சாதாரணக் குடும்பத்தின் வாய்மொழி எத்தனை நாள் நிற்கும் என்று எனக்குத் தோன்றியது. அப்போது அண்ணாவிடம் இதைச் சொல்லவில்லை. காரணம் பின்னால் வருகிறது.

அரண்மனையின் கீழ்ப்புறத் திருமஞ்சன சாலையில் தானம் செய்ய அமர்ந்திருந்தபோது மன்னர் இட்ட ஆணையே விமானத்தின் கல்லில் முதலில் இருக்கிறது. தாம் கொடுத்தவை, தம் அக்கன் கொடுத்தவை, தம் தேவியர் கொடுத்தவை, பிறர் கொடுத்தவை எல்லாவற்றையும் கல்லில் வெட்டுக என்பது அதன் சாரம். அக்கனாகிய குந்தவைப் பிராட்டியாரின் கொடை தேவியரின் கொடைக்கும் முன்னதாகச் சொல்லப்படுவதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பிராட்டியார் இக்கோயிலில் எழுந்தருளுவித்த செப்புத் திருமேனிகளில் ஒன்று, பொன்மாளிகைத் துஞ்சின தேவர் எனப்பட்ட தம் தந்தை சுந்தர சோழருடையது. தந்தைக்கு ஒரு மகள் செய்த நினைவுக் கடன் அது.

ஆனால் என்னை நெடுநேரம் நிறுத்தியவை அரச குடும்பத்தின் கொடைகள் அல்ல. கோயில் விளக்குக்குக் கால்நடை வாங்கிக்கொண்ட இடையர்களின் பட்டியல். ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். பெற்றுக்கொண்டவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். வாங்கியவர் பெயர் மட்டுமன்று, அவருக்குப் பொறுப்பாக நின்ற உறவினர் பெயர்களும் எழுதப்பட்டிருக்கின்றன. ஜாமீன்தாரர் கையெழுத்தில்லாமல் நானும் கடன் கொடுத்ததில்லை! கோயில் பணத்தை ஊர்ச் சபைகளுக்கு வட்டிக்கு விட்ட கணக்கும் உண்டு. ஒரு காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 விழுக்காடு. நான் பணியில் இருந்த காலத்தில் விவசாயம் அல்லாத கடனுக்கு ஏறத்தாழ அதே வட்டிதான் வாங்கினோம் என்று சொன்னபோது அண்ணா வாய்விட்டுச் சிரித்தார்.

திருப்பதிகம் விண்ணப்பம் செய்ய 48 பேர், உடன் உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர், ஆக 50 பேர். தலைக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல். ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவருக்கு அடுத்த உறவினர் அந்த நெல்லைப் பெற்றுக்கொண்டு பதிகம் பாட வேண்டும். தமக்குப் பாட வராவிட்டால் தகுதியுள்ளவரைப் பாட வைக்க வேண்டும். ஓய்வூதிய விதிகளைப் போலவே தெளிவாக எழுதியிருக்கிறார்கள்.

பிறகு திருச்சுற்று மாளிகையின் வெளிச்சுவர். நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. திருவாரூர், பழையாறை, திருவையாறு முதலிய தலங்களின் கோயில்களிலிருந்து ஆடல் பணிக்காகக் கொண்டுவரப்பட்டவர்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடும் ஒரு பங்கும்; ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல். எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று வரிசையாக எழுதிச் செல்கிறார்கள். பெயர்கள் எல்லாம் நக்கன் என்று தொடங்குகின்றன. சேரமங்கை ஒருத்தி, எடுத்தபாதம் ஒருத்தி. தூக்கிய திருவடியின் பெயரையே பெற்ற பெண் ஆடாமல் என்ன செய்வாள்! அதே பட்டியலின் பிற்பகுதியில் நட்டுவர், வீணை வாசிப்போர், திருவிளக்கு ஏற்றுவோர், நீர் தெளிப்போர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், தச்சர், கணக்கர் எல்லோரும் வருகிறார்கள். மன்னரின் பெயரைச் சிறப்புப் பட்டமாகப் பெற்ற பெருந்தச்சனும் உண்டு, பெருநாவிசனும் உண்டு.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய நானூறு பெண்களுக்குப் பெயரும் வீட்டு எண்ணும் இருக்கின்றன. எங்கள் தாத்தாவின் மூத்த மனைவிக்கு இல்லை. "அண்ணா, உங்களுக்காவது அந்தப் பாட்டியின் பெயர் நினைவிருக்கிறதா?" என்று அங்கேயே கேட்டேன். "நம் வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்களே அப்பா" என்று சொல்லி அவர் மேலே நடந்தார்.

அண்ணா என்னை அழைத்துப் போக விரும்பிய சுவர் வேறு. திருச்சுற்று மாளிகையின் தென்மேற்குப் பகுதியில், நெருக்கமான தேவநாகரி எழுத்தில், மராத்தி மொழியில் போன்சலே வம்சத்தின் சரித்திரம் முழுவதும் வெட்டப்பட்டிருக்கிறது. 1803இல் இரண்டாம் சரபோஜி மன்னர் வெட்டுவித்தது. ஒரு குடும்பத்தின் கதையை இத்தனை நீளமாகக் கல்லில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

அந்த மன்னரின் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். அவர் துளஜா மன்னரின் சுவீகார புத்திரர். சுவீகாரம் செல்லாது என்று பண்டிதர்கள் சொல்ல, பதினோர் ஆண்டுகள் அமர்சிங் ஆண்டார். 1798இல்தான் சரபோஜிக்கு அரியணை கிடைத்தது. மறு ஆண்டே உடன்படிக்கை எழுதி நாட்டின் நிர்வாகத்தைக் கும்பினியாரிடம் ஒப்படைத்தார். கோட்டைக்கு வெளியே அதிகாரம் இல்லை. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, இருபத்தாறு வயதில், தம் குலத்தின் கதையைக் கோயில் சுவரில் எழுதச் செய்கிறார். இந்த வம்சத்தில் நீ பிறந்தவனா என்று கேட்கப்பட்ட ஒருவர் எழுதிவைத்த பதில் அது என்றே எனக்குப் படுகிறது.

அண்ணாவுக்கு அந்தச் சுவர் வேறு வகையில் முக்கியம். எங்கள் கொள்ளுத் தாத்தா தஞ்சை அரண்மனையில் மணியக்காரர் என்பது குடும்பத்தில் வழிவழியாக வரும் பேச்சு. அண்ணா தம் மக்களின் திருமணங்களில் சம்பந்திகளிடம் இதைச் சொல்லியிருக்கிறார், பேரன்களுக்குச் சொல்லியிருக்கிறார். சுவரைக் காட்டி, "நம் தாத்தாவுக்குச் சோறு போட்ட வம்சம். இதை முதல் பக்கத்தில் எழுது" என்றார்.

என் பையில் ஒரு காகிதம் இருந்தது. அதை அங்கே எடுக்க மனம் வரவில்லை.

வங்கியில் அடமானக் கடனுக்காக மூலப் பத்திரங்களைப் படித்துப் படித்துப் பழகியவன் நான். குறிப்பேடு எழுதத் தொடங்கியதும் பதிவு அலுவலகத்தில் மனுப் போட்டு, எங்கள் பூர்வீக வீட்டின் 1904ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்துக்கு நகல் வாங்கியிருந்தேன். அக்காலப் பத்திரங்களில் எழுதிக் கொடுப்பவர், வாங்குபவர் இருவரின் தந்தை பெயர், ஊர், ஜீவனம் எல்லாம் இருக்கும். கொள்ளுத் தாத்தாவின் பெயருக்குப் பின்னே "ஜீவனம் சத்திரம் பரிசாரகம்" என்று எழுதியிருந்தது. ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரத்தில் சமையற்காரர். கணக்குப் பார்த்தாலும் அப்படித்தான் வருகிறது. தஞ்சையின் கடைசி மன்னர் சிவாஜி காலமானது 1855இல். வாரிசில்லை என்று அரசையே கும்பினியார் எடுத்துக்கொண்டார்கள். கொள்ளுத் தாத்தா பிறந்தது அதற்குப் பிறகு.

மாலையில் திண்ணையில் வைத்து நகலைக் கொடுத்தேன். அண்ணா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார். "அப்படியானால் என் அப்பா பொய் சொன்னாரா?" என்றார். "பெரியப்பா கேட்டதைச் சொன்னார்" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். இரவு சாப்பாட்டுக்கும் வரவில்லை. அண்ணி என்னைப் பார்த்த பார்வையில், இந்த வயதில் இது தேவையா என்ற கேள்வி இருந்தது. நானும் அதையே கேட்டுக்கொண்டு படுத்தேன். எழுதாமல் விட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் சமையற்காரராக இருந்தார் என்பதற்காக ஒருவரை நீக்கி, அவரிடத்தில் இல்லாத ஒரு மணியக்காரரை உட்காரவைத்தால், தர்ப்பணத்தில் எள்ளும் நீரும் யாருக்குப் போகும்?

மறுநாள் காலை அண்ணாவே, "வா, ஒரத்தநாட்டுக்குப் போய்விட்டு வருவோம்" என்றார்.

தஞ்சையிலிருந்து பட்டுக்கோட்டை சாலையில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இந்தச் சாலை இராமேசுவரம் போகும் யாத்திரிகர்கள் நடந்த சாலை. முத்தம்பாள் என்ற அம்மையாரின் நினைவாகச் சரபோஜி மன்னர் 1802இல் ஏற்படுத்திய தருமம் இந்தச் சத்திரம். பழைய கட்டடத்தின் கல் தூண்களும் முற்றமும் இன்னும் அந்தக் காலத்தைச் சொல்கின்றன. அண்ணா செருப்பைக் கழற்றிவிட்டே உள்ளே வந்தார்.

இச்சத்திரங்கள் எப்படி நடந்தன என்பதை 1801இல் சரபோஜி மன்னர் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் விவரமாகச் சொல்கிறது. சாதி வேறுபாடின்றி வழிப்போக்கர் அனைவருக்கும் அன்னம், சமைத்ததை உண்ணாதவர்க்கு அரிசியும் பண்டமும், குழந்தைகளுக்குப் பால், நோயாளிக்கு வைத்தியம், கர்ப்பிணிகளுக்குத் தனிக் கவனிப்பு, அநாதைகளுக்குக் கல்வி, வழியில் இறந்தவர்க்கு ஈமக்கிரியை. நாட்டை ஒப்படைத்தாலும் இந்தத் தருமங்கள் நிற்கக் கூடாது என்பதுதான் அவருடைய கவலை. அன்னமளிப்பு நள்ளிரவு வரை நடக்கும். அப்போது மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் யாரேனும் இருந்தால் வருமாறு அழைப்பார்கள். அதற்குப் பிறகே அடுப்பு அணையும்.

இதை நான் சொல்லிக்கொண்டு வந்தபோது அண்ணா ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"நம் வீட்டில் தாத்தா செய்வாரே, நினைவிருக்கிறதா உனக்கு?" என்றார். எனக்கு நினைவில்லை, நான் பிறக்கும் முன்பே தாத்தா போய்விட்டார். அண்ணா பார்த்திருக்கிறார். இரவு கதவைத் தாழிடுமுன் தாத்தா வாசலுக்குப் போய்த் தெருவின் இரு பக்கமும் பார்த்து, "சாப்பிடாதவங்க யாராவது உண்டா?" என்று குரல் கொடுப்பாராம். யாரும் வருவதில்லை. இருந்தாலும் நாள் தவறியதில்லை. குழந்தைகள் அதைச் சொல்லிக் கேலி செய்வார்களாம். "அவருடைய அப்பாவிடமிருந்து வந்த பழக்கம் என்று அம்மா சொல்லுவாள். ஏன் என்று எங்களுக்குத் தெரியாது" என்றார் அண்ணா.

சற்று நேரம் கழித்து அவரே, "பழைய ஆட்கள் கொள்ளுத் தாத்தாவை மணிக்காரர் என்றுதான் சொல்வார்கள். அப்பாதான் மணியக்காரர் என்று திருத்தினார்" என்றார். இரவு மணி அடித்தவர் மணிக்காரர் ஆகி, மணிக்காரர் இரண்டு தலைமுறையில் மணியக்காரர் ஆகியிருக்கலாம். என் குறிப்பேட்டில் "இருக்கலாம்" என்றே எழுதியிருக்கிறேன். பத்திரத்தில் கண்டதை ஒரு பத்தியிலும், குடும்பத்தில் சொல்லி வந்ததை அடுத்த பத்தியிலும் எழுதினேன். எழுதிய பக்கத்தை அண்ணா வாங்கிப் பார்த்து, "எத்தனை ஆயிரம் பேருக்கு வடித்துக் கொட்டியிருப்பார்" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை, யாரும் எதிர்பாராமல், அடுத்ததும் நடந்தது. விளக்கேற்றும் வேளையில் அண்ணி பூஜைச் செம்பைத் துலக்கிக் கொண்டுவந்து வைத்தார். புளி போட்டுத் துலக்கிய தாமிரச் செம்பு. விளக்கு வெளிச்சத்தில் அதன் கழுத்தடியில் புள்ளிப் புள்ளியாக எழுத்துகள் தெரிந்தன. கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் பெண்ணின் பெயரை வெட்டித் தருவது நம் வீடுகளில் உண்டல்லவா? காலையும் மாலையும் கல்வெட்டையே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது சட்டென்று கண்ணில் பட்டது. "இது யார் பெயர்?" என்றேன். "தெரியாது. நான் வந்த நாளிலிருந்து இருக்கிறது. எங்கேயோ பழைய பாத்திரமாக வாங்கியது என்பார் மாமியார்" என்றார் அண்ணி.

பூதக்கண்ணாடி வைத்துப் படித்தோம். திருவையாற்று அம்பிகையின் திருநாமம். பக்கத்தில் திருவையாறு என்று ஊர்.

அண்ணா நாற்காலியிலிருந்து எழுந்தார். "ஐயாத்துக்காரி" என்றார். அவருடைய தாயார் எப்போதாவது பேச்சுவாக்கில், "ஐயாத்துக்காரி இருந்திருந்தால் நாமெல்லாம் ஏது?" என்று சொல்வதுண்டாம். யாரைச் சொல்கிறாள் என்று சிறுவயதில் அண்ணா கேட்டதில்லை. அவள் கொண்டுவந்த சீரில் மிஞ்சியது இந்தச் செம்பு ஒன்றுதான். அவள் போன பிறகும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் வீட்டுச் சுவாமிக்கு அவள் செம்பில்தான் தீர்த்தம் வைத்து வந்திருக்கிறோம்.

எங்கள் அண்ணி அழுதுவிட்டார். முதல் பிரசவத்தில் ஒரு பெண் குழந்தையை இழந்தவர் அவர்.

அமாவாசையன்று விடியற்காலையில் மூவரும் திருவையாற்றுக்குப் போனோம். புஷ்ய மண்டபப் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. காவிரியில் தண்ணீர் நன்றாக ஓடியது. ஐயாறப்பர் கோயில் வளாகத்தின் வடபுறத்தில் இராஜராஜரின் தேவி ஓலோகமாதேவியார் எடுப்பித்த வட கயிலாயம் இருக்கிறது. தஞ்சைக்குப் போன நானூறு பேரில் சிலர் இந்தச் சந்நிதியிலிருந்து போனவர்கள். தர்ப்பணத்துக்குப் பிறகு அங்கே போவதென்று வைத்துக்கொண்டோம்.

தந்தை வர்க்கம், தாய் வர்க்கம் முடிந்தன. கொள்ளுத் தாத்தாவின் பெயரை அண்ணா வழக்கத்தைவிட உரக்கச் சொன்னதாக எனக்குத் தோன்றியது. காருண்ய பித்ருக்கள் வரிசை வந்ததும் புரோகிதர் எங்களைப் பார்த்தார். நோட்டுப் புத்தகத்தை நான் பிரிப்பதற்குள் அண்ணா அந்தப் பெயரைச் சொல்லிவிட்டார். "உறவு?" என்றார் புரோகிதர். "பாட்டி" என்றார் அண்ணா.

எள்ளுக்கு நீர் விட வேண்டியிருந்தது. அண்ணி முந்தானையில் சுற்றி வைத்திருந்த செம்பை எடுத்து, இரண்டு படி இறங்கி, காவிரியில் மொண்டு வந்து கொடுத்தார்.